அம்மா ரிப்போர்ட்ல வரிசையா ஆர்

பதினாலு வருஷமா பிளேட் படிக்கற வேலை பாக்கறேன். வண்ணாரப்பேட்டைல ஒரு சின்ன லேப், மாடில ரெண்டு ரூம், அதுல ஒண்ணு மைக்ரோபயாலஜி, அந்த ரூமுக்கு நான் ஒருத்திதான். யூரின், சளி, சீழ்னு எது வந்தாலும் லூப்ல தொட்டு பிளேட்ல இழுத்து விட்டு இன்குபேட்டர்ல வச்சா மறுநாள் காலைல கிருமி வளர்ந்திருக்கா இல்லையான்னு தெரியும். வளர்ந்திருந்தா அதுல கொஞ்சம் எடுத்து இன்னொரு பிளேட் முழுக்க தரை மெழுகற மாதிரி இடம் விடாம பூசி, மேல ஆன்டிபயாட்டிக் தோய்ச்ச குட்டிக் குட்டி காகித டிஸ்க் வச்சு மறுபடி ஒரு ராத்திரி காத்திருக்கணும். அடுத்த நாள் டிஸ்க்கைச் சுத்தி வட்டமா வெறிச்சுன்னு இருந்தா அந்த மருந்து கேக்கும்னு அர்த்தம், ஸ்கேல் வச்சு மில்லிமீட்டர்ல அளந்து எஸ், அதாவது சென்சிடிவ்னு எழுதுவேன். டிஸ்க் ஓரம் வரைக்கும் கிருமி வந்து ஒட்டி நின்னா, இல்ல வட்டம் ரொம்பச் சின்னதா இருந்தா ஆர். ரெசிஸ்டன்ட். அந்த மருந்தை வழக்கமான அளவுல குடுத்தா அந்தக் கிருமிக்கு கேக்காது.

போன வருஷம் ஆடி மாசம் எங்கம்மாவுக்கு ஜுரம் வந்துச்சு. சுகர் இருக்கற உடம்பு, 63 வயசு, ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு ரெண்டு நாளா சொல்லிட்டு இருந்தாங்க, தண்ணி நிறைய குடிம்மான்னு சொல்லிட்டு நான் வேலைக்கு ஓடிட்டேன். மூணாவது நாள் ராத்திரி நான் பண்ணதை இங்க எழுதியே ஆகணும், தம்பிக்கு எப்பவோ வயித்துப்போக்குக்கு வாங்கினதுல மிச்சம் இருந்த சிப்ரோ மாத்திரையை நானே எடுத்துக் குடுத்தேன். தினம் ஆர் ஆர்னு எழுதற கை அது. அந்த நேரத்துல அம்மாவுக்கு வேர்த்து நடுங்கறதைப் பாத்தப்ப என் படிப்பு வேலை எதுவும் ஞாபகம் வரல, வீட்ல என்ன இருக்குன்னுதான் கை தேடுச்சு.

கேக்கல. மறுநாள் தெருமுனை கிளினிக்ல செஃபிக்ஸிம் எழுதிக் குடுத்தாங்க, அதுவும் கேக்கல. அந்த டாக்டரை நான் குத்தம் சொல்ல மாட்டேன், சாயங்காலம் ஏழு மணிக்கு நாப்பது பேர் உக்காந்திருக்கற கிளினிக்ல, எந்தக் கிருமின்னு தெரியாம, எந்த மருந்து கேக்கும்னும் தெரியாம, ஒரு குத்துமதிப்புலதான் யாரா இருந்தாலும் எழுத முடியும். நான் யூரின் எடுத்துட்டுப் போய் என் பிளேட்ல நானே போட்டேன். ரெண்டு வகை ஆன்டிபயாட்டிக் உள்ள போன அப்புறம் எடுத்த யூரின், அப்படியும் காலைல இன்குபேட்டரைத் தொறந்தா பிளேட் நிறைய ஈ.கோலை. அதுக்கும் அடுத்த நாள் சென்சிடிவிட்டி பாக்கறதுக்குள்ள அம்மாவுக்கு குளிர்ஜுரம் தூக்கி வாரிப்போட்டு ஆஸ்பத்திரில சேத்தாச்சு. ரிப்போர்ட்டை நான் கையால எழுதினேன். சிப்ரோ ஆர், செஃபிக்ஸிம் ஆர், செஃப்ட்ரியாக்ஸோன் ஆர், கோட்ரைமாக்ஸசோல் ஆர். வரிசையா எழுதிட்டே வந்து, மத்தது கேக்காதப்ப போடற ஊசி மருந்தான மெரோபெனம் டிஸ்க்கைச் சுத்தி அகலமா ஒரு வட்டம் தெரிஞ்சப்ப அந்த ரூம்ல தனியா உக்காந்து அழுதேன்.

ஒரு வாரம் ஊசி, ஒரு நாளைக்கு மூணு வேளை. அம்மா எழுந்து வந்துட்டாங்க, இப்ப பழையபடி காலைல கோலம் போடறாங்க. ஆனா அந்த மூணு நாள் எனக்குள்ளயே நிக்குது. யூரின் எடுத்ததுலேருந்து எந்த மருந்து கேக்கும்னு தெரியற வரைக்கும் ஆகற அந்த மூணு நாள், அதுல தப்பான மாத்திரை போகுது, கிருமிக்கு பழக்கம் ஆகுது, வயசானவங்க ஐசியூக்குப் போறாங்க. நான் பண்றது நூறு வருஷத்துக்கு முந்தின ஆளுங்க பண்ணின அதே வேலைதானேன்னு முதல் தடவையா எனக்குத் தோணுச்சு. கிருமியை வளக்கணும், காத்திருக்கணும், கண்ணால பாக்கணும்.

மெரோபெனம் கேட்டதால அம்மா இருக்காங்க. அதையும் வெட்டிப் போடற கிருமி நம்ம ஊர்ல இருக்குன்னு தெரிஞ்சே பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆகுது. என்டிஎம்-1னு கேள்விப்பட்டிருப்பீங்க, மருந்தை வெட்ட கிருமி விடற நொதி அது, பேர்ல நியூ டெல்லி இருக்கு. 2010ல அதைப் பத்தி வந்த பெரிய ஆராய்ச்சிக் கட்டுரைல முதல் பேரு கார்த்திகேயன் குமாரசாமி, அப்ப மெட்ராஸ் யுனிவர்சிட்டில இருந்த ஆராய்ச்சியாளர். அந்தக் கட்டுரைல சென்னைலேருந்து மட்டும் 44 சேம்பிள்ல இந்த என்டிஎம்-1 கிருமி, ஹரியானால 26, இங்கிலாந்துல 37. ஊர் பேரை இதுக்கு எப்படி வைக்கலாம்னு அந்த வருஷம் பேப்பர்ல எல்லாம் பெரிய சண்டை நடந்துச்சு. பேரைப் பத்தி பேசின அளவுக்கு, சரி இதுக்கு மருந்து யாரு கண்டுபிடிக்கப் போறா, அவங்களுக்கு யாரு சோறு போடப் போறான்னு பேசலயேன்னு எனக்கு இன்னிக்கும் ஆத்தாமையா இருக்கு.

பேசினவங்களும் இருந்தாங்க, அதையும் சொல்லணும். 2012ல டாக்டர் அப்துல் கஃபூர் முன்ன நின்னு பல டாக்டர் சங்கங்களை நம்ம ஊர்ல ஒண்ணா உக்கார வச்சு ஆன்டிபயாட்டிக் கேக்காமப் போறதைத் தடுக்க சென்னை பிரகடனம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, எல்லாம் கச்சிதமா அமையட்டும்னு காத்திருக்க வேணாம், நம்ம நாட்டுல நடக்கக்கூடியதை முதல்ல பண்ணுவோம்ங்கற மாதிரி ஒரு திட்டம். 2014 மார்ச்சுலேருந்து, டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத மருந்துங்களுக்கு எச்1னு ஒரு பட்டியல் வந்துச்சு, அதுல 24 ஆன்டிபயாட்டிக் இருக்கு, அதை வித்தா மெடிக்கல் ஷாப்ல தனி நோட்டுல டாக்டர் பேரு பேஷன்ட் பேரு எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். நல்ல விதி. எங்க தெருவுல அந்த நோட்டை நான் பாத்ததே இல்லங்கறது வேற விஷயம்.

இருக்கற மருந்தை ஒழுங்கா பயன்படுத்துங்கன்னு சொல்ற எல்லாத்தையும் நான் ஏத்துக்கறேன், நவம்பர் 18லேருந்து 24 வரைக்கும் வருஷா வருஷம் விழிப்புணர்வு வாரம் வரும், எங்க லேப் வாசல்லயும் போஸ்டர் ஒட்டுவோம். ஆனா ஒழுங்கா சாப்பிட்டாலும் கிருமி மாறிக்கிட்டேதான் இருக்கும், கொஞ்சம் மெதுவா மாறும், அவ்ளோதான். புது மருந்தும் புது டெஸ்ட்டும் வந்துட்டே இருக்கணும். அதைப் பண்றவங்க நிலைமை என்னன்னு அம்மா ஆஸ்பத்திரில இருந்த ராத்திரிங்கள்ல போன்ல தேடித் தேடிப் படிச்சேன், படிக்கப் படிக்க வயித்தைக் கலக்குச்சு.

எங்கம்மா சுகர் மாத்திரையை எடுத்துக்கோங்க. பதினோரு வருஷமா தினம் ரெண்டு வேளை போடறாங்க, ஆயுசுக்கும் போடுவாங்க. அந்த கம்பெனிக்கு அம்மா மாதிரி ஒருத்தர் கிடைச்சா போதும், மாசாமாசம் வருமானம். ஆன்டிபயாட்டிக் அஞ்சு நாள், ஏழு நாள், முடிஞ்சது. அதுலயும் புதுசா நல்ல மருந்து ஒண்ணு வந்துச்சுன்னா டாக்டருங்க என்ன பண்ணணும்? உடனே எடுத்து எல்லாருக்கும் எழுதக்கூடாது, வேற எதுவும் கேக்காதவங்களுக்குன்னு பூட்டி வைக்கணும், அதுதான் சரி. அப்ப கம்பெனிக்கு எப்படி விக்கும்? மருந்து எவ்ளோ அருமையோ அவ்ளோ குறைச்சலாத்தான் விக்கணும்னு இருக்கற ஒரு சரக்கை வச்சுக்கிட்டு யாராவது கடை நடத்த முடியுமா?

அமெரிக்கால அக்காவோஜென்னு ஒரு கம்பெனி, பிளாசோமைசின்னு ஒரு மருந்து கண்டுபிடிச்சாங்க, அம்மாவுக்கு வந்த மாதிரி, அதை விடவும் மோசமான யூரின் இன்ஃபெக்‌ஷனுக்குத்தான். வருஷக்கணக்கா உழைச்சு 2018 ஜூன்ல, அங்க மருந்துக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏ கிட்ட அனுமதி வாங்கினாங்க. 2019 ஏப்ரல்ல திவால். பத்து மாசம். மருந்து வேலை செஞ்சுது, அனுமதி கிடைச்சுது, எல்லா பரீட்சையும் பாஸ், அப்படியும் கடையை மூட வேண்டியதாப் போச்சு. அதே 2019ல உலகம் முழுக்க மருந்து கேக்காத பாக்டீரியாவால நேரடியா செத்தவங்க 12.7 லட்சம் பேர், அது ஒரு காரணமா இருந்து செத்தவங்களையும் சேத்தா 49.5 லட்சம். இப்படியே போனா 2025லேருந்து 2050க்குள்ள 3.9 கோடி பேர்னு 2024ல வந்த கணக்கு சொல்லுது. அந்த கம்பெனி மூடினதும் இத்தனை பேர் செத்ததும் ஒரே வருஷத்துல நடந்துச்சுங்கறதை என்னால ஜீரணிக்கவே முடியல.

நம்ம சென்னை கதையும் ஒண்ணு இருக்கு, அதைப் படிச்சப்ப பெருமையும் வந்துச்சு வருத்தமும் வந்துச்சு. செஃபெபைம்னு ஒரு பழைய மருந்து இருக்கு. கிருமி ஒரு நொதியை விட்டு அதை வெட்டிப் போட்டுடும், அம்மாவோட ஈ.கோலை செஃபிக்ஸிமை வெட்டின மாதிரி. அந்த நொதியைப் போய் கெட்டியா பிடிச்சுக்கற ஒரு பொருளைக் கூட சேத்து அனுப்பினா, அது பிடிச்சிருக்கற நேரத்துல பழைய மருந்து உள்ள புகுந்து வேலையை முடிச்சிடும். அந்தப் பொருள் பேரு என்மெட்டாசோபாக்டம், அதைக் கண்டுபிடிச்சது நம்ம ஊரு ஆர்கிட் கம்பெனி. பெரிய பெரிய டிரையல் எல்லாம் நடத்தினது ஐரோப்பால இருக்கற அல்லெக்ராங்கற கம்பெனி, ஆர்கிட் கிட்ட லைசென்ஸ் வாங்கி. நடுவுல 2017ல ஆர்கிட் கடன் பிரச்சனைல திவால் நடவடிக்கைக்குப் போச்சு, 2020ல வேற கைக்கு மாறுச்சு. மருந்து மட்டும் பொழைச்சு வந்துச்சு. சிக்கலான யூரின் இன்ஃபெக்‌ஷன் இருக்கறவங்க கிட்ட வச்சுப் பாத்த டிரையல்ல 100க்கு 79 பேருக்கு பலன், ஒப்பிட்டுப் பாத்த பழைய மருந்துல 59 பேருக்கு. 2024 பிப்ரவரில அமெரிக்கா அனுமதி குடுத்துச்சு, இந்தியால கண்டுபிடிச்ச ஒரு புது மூலக்கூறுக்கு. இதை நான் லேப்ல சொன்னா ஒருத்தருக்கும் தெரியல. சினிமா படம் நூறு கோடி தொட்டா தெரு பூரா பேனர் வைக்கறோம், இதுக்கு ஒரு டீக்கடைல கூட பேச்சு இல்ல.

புது மருந்து கண்டுபிடிக்கற இவங்களை எப்படித் தாங்கறதுன்னு யோசிச்சப்ப எனக்கு வியாசர்பாடி கணேசபுரம் சப்வேதான் ஞாபகம் வந்துச்சு. ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடியே தண்ணி இறைக்கற மோட்டாரைக் கொண்டு வந்து அங்கங்க நிறுத்திடுவாங்க. மழை கொட்டினாத்தான் காசு, எத்தனை லிட்டர் இறைச்சியோ அத்தனை காசுன்னு சொன்னா எவன் மோட்டாரைக் கொண்டு வந்து நிறுத்துவான்? நிக்கறதுக்கே வாடகை. அந்த வருஷம் மழையே பெய்யலன்னாலும் யாரும் ஐயோ வாடகை தண்டம்னு அழ மாட்டாங்க, அப்பாடான்னுதான் சொல்வாங்க, ஏன்னா 2015ல 2023ல இடுப்பளவு தண்ணில நின்னவங்க நாங்க. ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான் வாங்கணும். இங்கிலாந்துல 2022ல இதை ஆரம்பிச்சாங்க, செஃபிடரோகால்னு ஒண்ணு, செஃப்டாசிடிம்-அவிபாக்டம்னு ஒண்ணு, ரெண்டு மருந்துக்கும் வருஷத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் அதிகபட்சம் ஒரு கோடி பவுண்ட் வரைக்கும், எத்தனை ஊசி போட்டாங்கங்கற கணக்கே கிடையாது, மருந்து ரெடியா இருக்கணும், அதுக்குக் காசு. அமெரிக்கால இதே மாதிரி பாஸ்டர்னு ஒரு சட்ட மசோதா 2020லேருந்து திரும்பத் திரும்ப வந்துட்டுப் போச்சு.

டெஸ்ட்டுக்கும் ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 2014ல இங்கிலாந்துல லாஞ்சிடியூட்னு ஒரு போட்டி அறிவிச்சாங்க, ஆன்டிபயாட்டிக் வேணுமா வேணாமா, எது வேணும்னு உடனே சொல்ற டெஸ்ட் யாரு கொண்டு வராங்களோ அவங்களுக்கு 80 லட்சம் பவுண்ட். பத்து வருஷம் ஆச்சு ஜெயிக்க. 2024 ஜூன்ல ஸ்வீடன் கம்பெனி ஒண்ணு வாங்குச்சு, யூரினை ஒரு கார்ட்ரிட்ஜ்ல ஊத்தினா 15 நிமிஷத்துல பாக்டீரியா இருக்கா இல்லையான்னு சொல்லும், 45 நிமிஷத்துல எந்த மருந்து கேக்கும்னு சொல்லும். அந்த வீடியோவை அம்மா பெட் பக்கத்துல உக்காந்து பாத்தேன். 45 நிமிஷம். நான் மூணு நாள் எடுத்துக்கிட்டேன்.

அப்பதான் அந்தப் பொண்ணு ஞாபகம் வந்தா.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம போறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி எங்க லேப்புக்கு வந்திருந்தா. காசிமேடு பக்கத்துல குப்பத்துப் பொண்ணு, அப்பா மீன் பிடிக்க போட்டுக்குப் போறவரு, அம்மா மீன் விக்கறாங்க, இவ பயோடெக்னாலஜி எம்.டெக். கைல ஒரு டிபன் பாக்ஸ் சைஸ்ல ஒரு டப்பா. உள்ள சின்னச் சின்ன குழி, ஒவ்வொரு குழிலயும் ஒரு ஆன்டிபயாட்டிக் காய வச்சு ஒட்டியிருக்கு, கூட ஒரு நீல சாயம். கிருமி உயிரோட வளர்ந்தா நீலம் பிங்க்கா மாறும், மருந்து கேட்டா நீலம் நீலமாவே நிக்கும். அடில பேட்டரில ஓடற சின்ன ஹீட்டர், 37 டிகிரில வச்சிருக்கும். ஆறு மணி நேரம். நிறத்தைப் பாத்து எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் சொல்லிடலாம். சாயம் ஒண்ணும் புதுசில்ல, ரெசசூரின்னு லேப்ல பழசு, ஆனா அதை கரன்ட் போயிட்டுப் போயிட்டு வர்ற ஒரு கிளினிக்ல, சித்திரை வெயில்ல ஓடற மாதிரி பண்ணப் பாத்ததுதான் அவ சாமர்த்தியம்.

ஏன் இதை எடுத்தேன்னு கேட்டதுக்கு அவ சொன்னது என் மனசுல அப்படியே இருக்கு. அக்கா, எங்கம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு ஹார்பர் போவாங்க, ஏலம் எடுத்து கூடைல போட்டு வித்து முடிச்சு வீட்டுக்கு வர மதியம் ஆயிடும், நடுவுல ஒண்ணுக்குப் போக நல்ல இடம் கிடையாது, அதனால தண்ணியே குடிக்க மாட்டாங்க, அங்க மீன் விக்கற முக்காவாசி பேருக்கு இதே கதைதான், மாசத்துக்கு ஒரு தடவை எரிச்சல் ஜுரம், மெடிக்கல் ஷாப்ல சொன்னா ரெண்டு மாத்திரை பேப்பர்ல மடிச்சுக் குடுப்பாங்க, ரெண்டு நாள்ல தாங்கற அளவுக்கு வந்தா போதும்னு நிறுத்திடுவாங்க. கல்ச்சர் பண்ணச் சொன்னா மூணு நாள் கழிச்சு ரிப்போர்ட் வாங்க எவ அக்கா ஒரு நாள் கூலியை விட்டுட்டு வருவா?

அவ கேட்டது ஒண்ணுதான். நீங்க கல்ச்சர் போட்டுட்டு மிச்சம் கொட்டப் போற யூரின்ல கொஞ்சம் குடுங்க, பேரு ஊரு எதுவும் வேணாம், என் டப்பால போட்டுப் பாக்கறேன், உங்க பிளேட் சொல்றதும் என் டப்பா சொல்றதும் ஒத்துப் போகுதான்னு பாக்கணும். நான் சொன்னேன், சேம்பிள் எல்லாம் வெளிய குடுக்க முடியாதும்மா, ரூல்ஸ் இல்ல. உண்மைதான், நெறிமுறைக் குழு அனுமதி இல்லாம குடுக்கக் கூடாது. ஆனா அந்த அனுமதி எப்படி வாங்கறதுன்னு நான் சொல்லியிருக்கலாம், யாரைப் பாக்கணும்னு சொல்லியிருக்கலாம். டீ கூட குடுக்காம அனுப்பிட்டேன்.

அம்மா வீட்டுக்கு வந்த வாரம் அவ நம்பரைத் தேடி எடுத்து போன் பண்ணினா, ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனில வேலை பாக்கறேன் அக்காங்கறா. டப்பா? பரண் மேல அட்டைப்பெட்டில கட்டி வச்சிருக்கேன்.

என்ன நடந்துச்சுன்னு ரெண்டு மணி நேரம் உக்காந்து கேட்டேன். ஆரம்பத்துல, பயோடெக் கம்பெனிங்களுக்கு உதவற மத்திய அரசு நிறுவனமான பைராக்கோட பிக் கிரான்ட் வாங்கியிருக்கா, அது 18 மாசத்துக்கு 50 லட்சம் வரைக்கும் குடுக்கற திட்டம், அதுலதான் டப்பாவே உருவாச்சு, அந்தக் காசு இல்லன்னா இந்த யோசனை நோட்டுலயே இருந்திருக்கும் அக்கான்னு அவளே சொன்னா. அதுக்கப்புறம்தான் பள்ளம். டப்பா சரியா வேலை செய்யுதுன்னு காட்ட நூத்துக்கணக்கான நிஜ பேஷன்ட் சேம்பிள் வேணும், அதுக்கு ஆஸ்பத்திரி வேணும், ஆஸ்பத்திரில நுழைய நெறிமுறைக் குழு அனுமதி வேணும், அதுக்கு அங்கயே வேலை பாக்கற டாக்டர் ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணும், அவருக்கு ஓபிலயே தலைக்கு மேல வேலை. ஒரு இடத்துல ஃபைல் குடுத்து நாலு மாசம் கழிச்சு ஃபைல் காணோம்னாங்களாம். முதலீடு போடறவங்க கிட்ட போனா, ஒரு டெஸ்ட் 150 ரூபாய்னா மாத்திரையே 60 ரூபாய்க்குக் கிடைக்குதே, எவன் டெஸ்ட் பண்ணுவான்னு கேக்கறாங்க. நியாயமான கேள்வி மாதிரி தெரியும். ஆனா தப்பு மாத்திரைக்கு அப்புறம் நாங்க ஆஸ்பத்திரில கட்டின காசை யாரும் அந்தக் கணக்குல சேக்கறதில்ல. டெண்டர்ல மூணு வருஷ டர்ன்ஓவர் கேட்டாங்க, கம்பெனி ஆரம்பிச்சே ரெண்டு வருஷம். கிரான்ட் முடிஞ்சுது, கூட இருந்த பையன் பெங்களூர் போயிட்டான், அப்பா போட்டை ரிப்பேர் பண்ணினதுல வீட்ல கடன், இவ வேலைக்குப் போயிட்டா.

எனக்கு அன்னிக்குப் புரிஞ்சுது, யோசனை வர்ற இடத்துல காசு கொஞ்சம் இருக்கு, முடிஞ்ச சாமானை வாங்கற இடத்துலயும் காசு இருக்கு, நடுவுல இருக்கற அந்த மூணு நாலு வருஷத்துல தான் எல்லாரும் செத்துப் போறாங்க. உலக அளவுலயும் இதே பள்ளம்தான். அதுக்குன்னுதான் 2016ல கார்ப்-எக்ஸ்னு ஒண்ணு பாஸ்டன்ல ஆரம்பிச்சாங்க, ஆரம்பக் கட்ட மருந்து, டெஸ்ட், தடுப்பூசின்னு காசு குடுக்கறாங்க, காசு மட்டும் இல்லாம அனுபவப்பட்ட ஆளுங்களையும் கூட அனுப்பறாங்க. பெங்களூர்ல பக்வொர்க்ஸ்னு ஒரு கம்பெனி அவங்க கிட்ட வாங்கியிருக்கு. 2020ல மருந்து கம்பெனிங்களே சேந்து கிட்டத்தட்ட 100 கோடி டாலர்ல ஏஎம்ஆர் ஆக்‌ஷன் ஃபண்ட்னு போட்டாங்க, 2030க்குள்ள ரெண்டுலேருந்து நாலு புது ஆன்டிபயாட்டிக் கொண்டு வரணும்னு. இந்த மாதிரி புது கம்பெனிங்களுக்கு கை குடுக்கற பெங்களூர் சி-கேம்ப் மாதிரி இடங்க நம்ம நாட்டுல இருக்கு. வட சென்னைலேருந்து ஒரு மீன்காரம்மா பொண்ணு அங்க போய்ச் சேர எத்தனை வாசல் தாண்டணும்னுதான் என் கவலை.

நம்ம ஊருக்கு இது முடியாதுன்னு யாரும் சொல்லாதீங்க. 1956ல சேத்துப்பட்டுல டிபி ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சு, மெட்ராஸ்ல இருந்த ஏழை டிபி பேஷன்ட்டுங்களைப் பாதி பேரை சானடோரியத்துல வச்சும் பாதி பேரை அவங்கவங்க வீட்லயே வச்சும் வைத்தியம் பண்ணிப் பாத்தாங்க. வீட்ல இருந்தவங்களும் அதே அளவுக்கு குணமானாங்க, கூட இருந்த குடும்பத்துக்கும் அதனால கூடுதலா நோய் ஒட்டல. 1959ல அந்த முடிவு வெளிய வந்து உலகம் பூரா டிபி வைத்தியத்தையே மாத்துச்சு. அது ஒரு ஆள் கைக்காசு போட்டுப் பண்ணினதா? ஐசிஎம்ஆர், மெட்ராஸ் அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் எல்லாரும் சேந்து தோள் குடுத்தாங்க. எங்க தாத்தா ஓட்டேரி டிபி ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்க நடந்து போனதை அம்மா இப்பவும் சொல்வாங்க. அந்த மாத்திரையும் ஒண்ணை மட்டும் குடுத்தா கிருமி பழகிடும், மூணு நாலை சேத்துத்தான் குடுக்கணும்னு கத்துக்கிட்டதும் இந்த ரெசிஸ்டன்ஸ் பாடத்துலதான்.

சரி, நாங்க என்ன பண்ணோம்னு சொல்லிடறேன். எங்க ஓனர் சார் கிட்ட போய் அம்மா ரிப்போர்ட்டையும் அவ டப்பாவையும் மேசைல வச்சேன். பேஷன்ட் கிட்ட கல்ச்சருக்கு காசு வாங்க வேணாம், உன் நேரத்தை நீ பாத்துக்கோன்னு சொல்லிட்டார். எனக்குத் தெரிஞ்ச ஒரு காலேஜ் மேடம், மைக்ரோபயாலஜி பேராசிரியர், பொறுப்பு ஏத்துக்க ஒத்துக்கிட்டாங்க. ஃபார்ம் எழுதி திருப்பி அனுப்பி மறுபடி எழுதி ஏழு மாசம். அந்தப் பொண்ணு ஐடி வேலை முடிச்சுட்டு ராத்திரி எட்டரைக்கு மெட்ரோல வந்து எறங்கி லேப்ல பத்து மணி வரைக்கும் உக்காந்து டப்பாவை சரி பண்ணுவா. முதல்ல செஞ்ச டப்பால வெயில்ல சாயம் தானாவே வெளுத்துச்சு, இப்ப அந்தக் குறை இல்ல. 300 சேம்பிள் பாக்கணும்னு திட்டம், ஒவ்வொண்ணும் என் பிளேட்லயும் அவ டப்பாலயும், ரிப்போர்ட்டை ஒருத்தருக்கு ஒருத்தர் காட்டாம எழுதி கடைசில ஒப்பிட்டுப் பாக்கணும். பேஷன்ட்டுக்குப் போறது என் பிளேட் ரிப்போர்ட் மட்டும்தான், டப்பா சொல்றதை வச்சு யாருக்கும் மருந்து மாத்த மாட்டோம்.

இதைப் படிக்கறவங்கள்ல ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொத்தியூர் பக்கம் கிளினிக் வச்சிருக்கற டாக்டருங்க இருந்தா, யூரின் எரிச்சல்னு வர்றவங்களை ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சேம்பிள் குடுக்கச் சொல்லி எங்க கிட்ட அனுப்புங்க, பேஷன்ட் சம்மதத்தோட, அவங்களுக்குக் கல்ச்சர் இலவசம். பெரிய கம்பெனில சிஎஸ்ஆர் பாக்கற யாராவது இருந்தா, ஒரு லேப்புக்கு பெஞ்சு மேசை வாங்கித் தர்ற மாதிரி இந்த 300 சேம்பிளுக்கு டிஸ்க்கும் மீடியாவும் வாங்கித் தாங்க. அரசாங்கத்துல இருக்கறவங்க கண்ணுல பட்டா, ஒவ்வொரு மெடிக்கல் காலேஜ்லயும் இப்படி டப்பாவைத் தூக்கிட்டு வர்ற பசங்களுக்குன்னு ஒரு ஜன்னல் தொறந்து வைங்க, அனுமதி ஃபார்ம், சேம்பிள், ஒப்பிட்டுப் பாக்க ஒரு லேப், மூணும் ஒரே ஜன்னல்ல. வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா முதல் ஆயிரம் டப்பாவை நகர ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு நீங்களே ஆர்டர் போடுங்க, அந்த ஒரு ஆர்டர் காகிதம் கைல இருந்தா பேங்க்ல பேசலாம்னு அவ சொல்றா.

போன ஞாயித்துக்கிழமை அவ வீட்டுக்குப் போயிருந்தேன், அனுமதி லெட்டர் வந்ததைச் சொல்ல. அவங்கம்மா திண்ணைல உக்காந்து வலை தெச்சுக்கிட்டு இருந்தாங்க.

"இன்னாம்மா, எம் பொண்ணு டப்பா வேலை செய்யுமா?"

"தெரியலக்கா. முந்நூறு பேரு யூரின் பாத்தாத்தான் தெரியும்."

"எனக்குத்தான் நேத்துலேந்து எரிஞ்சுக்கினு கீதே. முத டப்பால என்னுது ஊத்திப் பாரு."

மாத்திரை எதுவும் போட்டுடாதீங்கக்கா, காலைல ஏழு மணிக்கே லேப்பைத் தொறக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன். திங்கக்கிழமை ஏலத்தை விட்டுட்டு அவங்க ஆறே முக்காலுக்கே படிக்கட்டுல வந்து உக்காந்திருந்தாங்க.